பதினேழு கட்டம்

தையல் கம்பெனியில் அக்காவுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் தையல் வரிசைப் பக்கம் நடந்து வந்தால், "பூதம் வருது, பிசிறு நூலயெல்லாம் வெட்டுங்கடி" என்று மெஷின்களுக்கு நடுவே ஒரு குரல் ஓடும். தடித்த கண்ணாடி போட்டவர் என்பது ஒரு காரணம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பது இன்னொன்று. பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேஜை அவருடையது. சட்டையை விரித்துப் போட்டு, ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுவார். பத்துக்கு ஒன்பது இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். "ஒண்ணுதானக்கா" என்று கெஞ்சினால், "ஒண்ணு குறைஞ்சா ஒன்பதுதானே, பத்துன்னு நான் எப்படிப் போடுறது?" என்பார்.

இப்படிச் சொன்னால் அக்கா சிடுமூஞ்சி என்று தோன்றக்கூடும். அப்படியில்லை. திருப்பி அனுப்பிய சட்டையைப் பல நாள் அவரே பிரித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மேஜையில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு, அது பார்க்காமல் பாஸ் போடுவது என்பது அவர் கட்சி. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடுவார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவருக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது அவருடைய வீட்டுக்காரரால். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்கள், லிஃப்டுக்குள் நுழையாத ஒரு நீளப் பெட்டியை அவர் சுமந்து இறக்கித் தந்ததற்காக, அதையே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு தொலைநோக்கி இருந்தது. கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் இரண்டு சின்னக் குழாய்கள், ஐபீஸ் என்பார்கள். இருபத்தைந்து என்று போட்டது பெரிதாக்குவது குறைவு, பத்து என்று போட்டது அதிகம். வீட்டுக்காரர் நிலவை ஒரு தடவை பார்த்து, "குழி குழியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அன்றைக்குச் சாப்பிடவே மறந்தார்.

ஊரில் வானம் பார்க்கும் குழு ஒன்று இருப்பது பிறகு தெரிந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, பள்ளிக்கூட ஆய்வகத்தில் கூடுவார்கள். குழுவை நடத்துபவர் கணக்கு வாத்தியார். அவர் ஒரு வேலை வைத்திருந்தார். வானத்தில் ஒன்றரை நிலவு அகலமுள்ள ஒரே இடத்தை எல்லோரும் மாதாமாதம் பார்த்து, ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களைப் புள்ளியாகக் குறித்துத் தரவேண்டும். நடுவில் இருக்கும் விண்மீன் நடுவிலேயே நிற்கவேண்டும், குழாயை அப்படி இப்படி நகர்த்தித் தேடக்கூடாது. எந்த விண்மீனாவது மங்கியதா, பிரகாசம் கூடியதா என்று, எல்லாத் தாளையும் ஒரு பட்டியலில் ஏற்றி வருடக் கடைசியில் சேர்த்துப் பார்ப்பார். படித்தவர்கள் நிறைந்த அந்த அறையில், தன்னிடமிருந்தும் ஒரு தாள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதே அக்காவுக்குப் பெரிய விஷயம். குழாயில் தனக்குத் தெரிவது அவ்வளவும் அடங்கும்படி, பாத்திர மூடியை வைத்து வட்டம் வரைந்து, ஊசி முனையால் குத்தினாற்போல் புள்ளி வைப்பார்.

மூன்றாவது மாதம் வாத்தியார் அக்காவின் மூன்று தாள்களையும் மேஜையில் பரப்பினார். வாத்தியாரின் வான வரைபடத்தில் அந்த இடத்தில் முப்பத்தொரு விண்மீன். அக்காவின் தாள்களில் பதினேழு. மூன்று மாதமும் அதே பதினேழு, எல்லாம் வரைபடத்தில் நடுவில் இருப்பவை. ஓரத்தில் உள்ள ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் மருந்துக்கடைக்காரரின் தாள் இருந்தது. அவரும் கண்ணாடி போட்டவர்தான், ஆனால் முப்பத்தொன்றும் அச்சடித்ததுபோல் நின்றன. அவர் அக்காவின் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தையல் கம்பெனிக்காரங்க ஓரம் அடிக்காமலே அனுப்பிட்டாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்துவைத்தார். வாத்தியார் நல்ல மனிதர், தாழ்ந்த குரலில்தான் சொன்னார். இப்படியே வந்தால் அக்காவின் தாள்களைப் பட்டியலில் சேர்க்க முடியாது, அடுத்த மாதத்துத் தாள் முழுசாக வரவேண்டும் என்றார். பிறகு, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"தெரியலேன்னா வரைபடத்தப் பாத்து ஓரத்துல குறிச்சுக்குங்கக்கா. யாரு கேக்கப் போறா?"

அதுதான் அக்காவைச் சுட்டது. கேலி உறைக்கவில்லை. பார்க்காமல் பாஸ் போடச் சொல்கிறார்களே என்பதுதான் உறைத்தது. தாள் பட்டியலில் ஏறவேண்டும், ஆனால் தன் கண்ணால் பார்த்ததோடுதான் ஏறவேண்டும். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இதுவே ஓடியது. இன்னொரு பயமும் கூடவே நடந்து வந்தது: கண்ணே போய்க்கொண்டிருக்கிறதோ?

"கண்ணாடியக் கழட்டிட்டுப் பாரேன்" என்றார் வீட்டுக்காரர். அது கிட்டப்பார்வைக்காரர்களுக்குச் சரி, குழாயைத் திருகினால் தெளிந்துவிடும். அக்காவின் கண்ணுக்கு உருளைப் பவர். கண்ணாடி இல்லாமல் எந்தப் புள்ளியும் அவருக்குச் சின்னக் கோடாக இழுத்துக்கொள்ளும், எவ்வளவு திருகினாலும் கோடு கோடுதான். கண்ணாடிக்கடையிலும் அதையே சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் செக்கிங் மேஜையில் ஒரு சட்டைக் கட்டு வந்தது. எல்லாவற்றிலும் இடது கைப்பட்டியில் அதே இடத்தில் ஒரு தையல் தாவியிருந்தது. அக்கா தைத்தவளைத் திட்டவில்லை, மெஷினைப் பார்க்க ஆளை அனுப்பினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் குறை கையின் குறை அல்ல, மெஷினின் குறை. பத்தொன்பது வருடமாக அவர் சொல்லிவந்த பாடம் இது. அன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. மூன்று மாதமும் அதே பதினேழு.

அன்று சாயங்காலம் கழிவுத் துணியிலிருந்து கட்டம் போட்ட ஒரு நீளத் துண்டைக் கேட்டு வாங்கிவந்தார். ஒவ்வொரு கட்டமும் இரண்டு சென்டிமீட்டர். எதிர்க் கட்டிடத்து மாடிக் கொடியில், எண்பதடி தள்ளி, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் தன் வீட்டு மாடியிலிருந்து தொலைநோக்கியை அதன்மேல் திருப்பி, தாள் வரைய வழக்கமாகப் போடும் பத்தாம் நம்பர் ஐபீஸைப் போட்டார். குறுக்கே எத்தனை கட்டம் தெரிகிறது என்று எண்ணினார். பத்து. கண்ணாடி போடாத வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் எண்ணிவிட்டு, பதினெட்டு என்றார்.

"சரியா எண்ணுங்க."

"லிஃப்டுல மாடி எண்ணுறவன்கிட்டயா? பதினெட்டு."

ஒன்றரை நிலவு அகலத்துக்கு அந்தத் துணியில் எத்தனை கட்டம் என்று கணக்குப் போட்டால், தற்செயலாக அதுவும் பதினேழு வந்தது. ஆக வட்டம் முழுசாகக் கிடைக்கப் பதினேழு கட்டம் தெரியவேண்டும், அக்காவுக்குக் கிடைப்பது பத்து. கண்ணுக்கும் ஐபீஸுக்கும் நடுவே தனக்கு மட்டும் என்ன இருக்கிறது என்று யோசித்தவர், வீட்டுக்காரரின் வேலைப் பையிலிருந்து, தூசு விழாமலிருக்க அவர் போடும் வெற்றுக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். பவர் ஏதும் இல்லாத பிளாஸ்டிக். அவர் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஒன்பது" என்றார். "மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

கதவுச் சாவித் துவாரத்தில் ஒட்டிக்கொண்டு பார்த்தால் அறை முழுக்கத் தெரியும், ஒரு விரல்கடை தள்ளி நின்றால் நாற்காலி மட்டும் தெரியும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஐபீஸுக்குக் கண் ஒட்டி நிற்கவேண்டும், மூக்குக்கண்ணாடி ஒட்டவிடாது. அக்கா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். கண் போகவில்லை. அந்த ஒரு நிமிடம் அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

கண்ணாடிக்காரர்களுக்கென்றே தள்ளி நின்று பார்க்கும் ஐபீஸ்கள் கடையில் உண்டு. விலை கேட்டார், அரை மாதச் சம்பளம் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் இருப்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துவிடலாம் என்று, குழுவில் இருப்பவர்களிடம் அவரவர் ஐபீஸை அடுத்த ஞாயிறு மாடிக்குக் கொண்டுவரச் சொன்னார். இதற்குள் எதிர்வீட்டம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வாரக்கணக்காய்த் தொங்கும் துணி இன்னுமா காயவில்லை என்று கேட்டார். "அது காயப் போட்டதில்லம்மா, எண்ணப் போட்டது" என்றார் அக்கா.

ஒரு நோட்டில் இரண்டு பத்தி: வெறுங்கண்ணுக்கு எத்தனை, கண்ணாடிக்கு எத்தனை. வெறுங்கண் வீட்டுக்காரருடையது. முதல் பாடம் அக்காவின் சொந்த ஐபீஸிலேயே கிடைத்தது. இருபத்தைந்தாம் நம்பரின் விளிம்பில் இருந்த ரப்பர் வளையத்தைக் கீழே மடக்கிவிட்டால், கண்ணாடியோடு பார்த்தாலும் கிட்டத்தட்ட முழுசும் தெரிந்தது. ஆனால் அதில் பெரிதாக்குவது குறைவு. விளக்கு வெளிச்சம் கலந்த ஊர் வானத்தில் மங்கல் விண்மீன்கள் அதில் எழும்பாது. அப்போது வாத்தியார் தன் பெட்டியில் சும்மா கிடந்த ஒரு குட்டிக் குழாயை எடுத்தார். பார்லோ என்று பெயர். எந்த ஐபீஸுக்கும் முன்னால் செருகினால் இரண்டு மடங்கு பெரிதாக்கும். வெறுங்கண்காரரான அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. அக்கா அதில் இருபத்தைந்தைச் செருகினார். பெரிதாக்குவது பத்தாம் நம்பருக்குக் கொஞ்சம்தான் கம்மி. ஆனால் கண் நிற்கவேண்டிய தூரம் குறையவே இல்லை. வீட்டுக்காரர் எண்ணினார், இருபத்திரண்டு. அக்கா எண்ணினார், இருபத்தொன்று. பழைய பார்லோ ஒன்று ஒரு ஜோடி நல்ல செருப்பு விலைக்குக் கிடைக்கும் என்றார் வாத்தியார்.

பிறகு மருந்துக்கடைக்காரர் முறை வந்தது. அவருடையது இருப்பதிலேயே விலை உயர்ந்தது, அகலப் பார்வை என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அவர் வீட்டுத் தொலைநோக்கியும் அக்காவுடையது போன்றதுதான். வீட்டுக்காரர் எண்ணினார், இருபத்தாறு. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியோடு குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"பதிமூணு" என்றார்.

வட்டத்துக்குப் பதினேழு வேண்டும். கண்ணாடியோடு பதிமூன்று கட்டமே தெரிகிறவர் ஓரத்து விண்மீன்களை எப்படி மாதாமாதம் அச்சடித்ததுபோல் வரைந்தார்? அக்காவின் பேனா ஒரு கணம் நின்றது. கம்பெனியாக இருந்தால் சட்டைக் கட்டையே பிரித்துப் போட்டிருப்பார். ஆனால் இது அவர் மேஜைக்கு வந்த சட்டை இல்லை. பதிமூன்று என்று எழுதி, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

மற்றவர்கள் டீக்குக் கீழே இறங்கியபோது மருந்துக்கடைக்காரர் பின்தங்கினார். நோட்டில் தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கவனிச்சிருப்பீங்க."

"கட்டம் எண்ணுறதுதான் என் வேல. மத்தது எனக்கெதுக்கு?" என்றார் அக்கா.

"ஓரத்துல இருக்குற எதையும் நான் பாக்கல. எல்லாருக்கும் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இவ்வளவு வெல கொடுத்து வாங்கிட்டு..." அக்கா ஒரு ஐபீஸின் ரப்பர் விளிம்பை மடக்கிக் காட்டினார். உலோக விளிம்பில் கண்ணாடி கீறிக்கொள்ளாமலிருக்க, இடுப்புப் பட்டி எலாஸ்டிக்கில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் சுற்றிக் காட்டினார். புதிதாக எது வாங்குவதானாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிவிட்டு வாங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அக்கா தன் பழைய தாள்கள் மூன்றையும் திரும்ப வாங்கினார். ஒரு புள்ளியும் சேர்க்கவில்லை. பாத்திர மூடி வட்டத்துக்கு வெளியே இன்னொரு பெரிய வட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் 'இங்கே பார்க்கவில்லை' என்று எழுதினார். வாத்தியார் அந்த உள்வட்டங்களை வரைபடத்தோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவர் கொஞ்ச நேரம் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, அன்றைக்கு வரைபடத்தைப் பார்த்துக் குறிக்கச் சொன்னது தன் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மருந்துக்கடைக்காரரும் தன் தாள்களை எடுத்து நீட்டினார். ஓரத்துப் புள்ளிகளெல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

புதுத் தாளை வாத்தியார் எண்ணினார். பார்லோவோடு, மாடியில் கண்ணாடியைக் கழற்றாமல் அக்கா வரைந்தது. ஓரம் வரை புள்ளிகள் இருந்தன. எண்ணி முடித்தவர் வரைபடத்தைப் பார்த்தார்.

"முப்பதுதான் இருக்கு. வலது ஓரத்துல மங்கலா ஒண்ணு உண்டு."

"அது எனக்குத் தெரியல சார்."

"ஒண்ணுதானக்கா" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒண்ணு குறைஞ்சா முப்பதுதானே" என்றார் அக்கா.

வாத்தியார் பட்டியலைத் திறந்து, அக்காவின் பெயருக்கு எதிரே நான்கு மாதத்தையும் ஏற்றினார். பதினேழு, பதினேழு, பதினேழு, முப்பது.