முறத்தில் விழுந்த கண்டென்சர்

அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும். எங்கள் மலையிலிருந்து இறங்கிப் போய் ரேடியோ மெக்கானிக் படித்த முதல் பெண் அவள். வாணியம்பாடியில் ஹாஸ்டலில் தங்கி ஒரு வருஷம் முடித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்த ஒரு வருஷத்துக்குத்தான் வம்பு வந்தது.

அம்மாவுக்கு அவளைத் திருப்பி அனுப்ப இஷ்டமில்லை. சாமை அறுப்பு, புளி உலுக்கல், தண்ணீர் தூக்குவது என்று தலைக்கு மேல் வேலை. நானோ சாப்பிடுவதற்கு மட்டும் ஒத்தாசை செய்கிற வயசு. "கீழ பழகிட்டவ அப்புறம் மேல ஏறுவாளா? எனக்கு யார் கீறாங்க?" என்பாள் அம்மா. அப்பாவுக்கு அம்மாவை மீறவும் முடியாது, அக்காவிடம் முடியாது என்று சொல்லவும் வராது. அதனால் தீர்ப்பை ஒரு ரேடியோவிடம் விட்டுவிட்டார்.

அக்கா ஒரு சோப்பு டப்பாவுக்குள் ரேடியோ செய்துகொண்டிருந்தாள். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் செய்திக்கு அது பேசிச்சுன்னா மறுநாள் கீழ போற ஜீப்புல ஏறு. பேசலன்னா அம்மாகூட கொல்லைக்கு சாமை அறுக்கப் போ" என்றார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அம்மா கொஞ்சம் சீக்கிரமாகவே ஒத்துக்கொண்டாள்.

எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. அக்கா தடித்த செம்புக் கம்பி ஒன்றை அடுப்புத் தணலில் சொருகிக் காய வைத்து, அதில் ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பாள். அவள் கொண்டுவந்த சாமான்களுக்கெல்லாம் கால் உண்டு. காலை அட்டையின் ஓட்டையில் நுழைத்து, அடியில் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் நின்றுகொள்ளும். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசியாக மிஞ்சிய சாமானான கண்டென்சரின் கால் வேரோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. வேறு வாங்க வாணியம்பாடிக்குத்தான் போக வேண்டும். ஜீப் மறுநாள்தான்.

அவ்வளவுதான், அக்கா இனி எங்களோடுதான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவள் பெட்டியிலிருந்து ஒரு செத்துப்போன பாக்கெட் டேப் ரெக்கார்டரை எடுத்தாள். வெளிநாட்டுச் சாமான். ஹாஸ்டல் தோழி தூக்கிப் போட இருந்ததாம். திறந்தால் உள்ளே ஒன்றுக்கும் கால் இல்லை. சாமை அரிசி சைஸில் ஏதேதோ அட்டைமேல் அப்பிக்கொண்டு கிடந்தன. அக்கா அட்டையில் ஓடிய செம்புக் கோடுகளைத் தொடர்ந்து பார்த்து, இதுதான் கண்டென்சர் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். இதில் எப்படிச் சேரும், இதற்குத்தான் காலே இல்லையே என்றேன்.

"காலில்லன்னா இன்னா? நாம வெச்சி வுடலாம்" என்றாள். பழைய ஒயரிலிருந்து முடி மாதிரி இரண்டு இழை உருவி வைத்திருந்தாள். அதுதான் கால்.

காய்ந்த கம்பியால் அதைப் பெயர்த்தாள். பிடித்துக்கொள்ள அப்பாவின் முள்வாங்கி. காலில் தைத்த முள்ளை எடுக்கிற இடுக்கிக்கு இந்த வேலை புதிது. கொஞ்சம் அழுத்தியதும் அந்தத் துணுக்கு தெறித்தது. தெறித்து எங்கே விழுந்தது என்றால், அடுப்போரம் உலைக்கு அம்மா குத்தி வைத்திருந்த ஒரு முறம் சாமை அரிசிக்குள்.

அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. விரலை விட்டு அரிசியைக் கிளறப் போனாள். அம்மா பட்டென்று கையைத் தட்டிவிட்டாள். "கலைக்காத. தள்ளு."

எங்கள் அம்மா கல் பொறுக்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொழுது மசங்கிய பிறகு, விளக்கு ஏற்றாமலே, பேசிக்கொண்டே கொழிப்பாள். கண் எங்கேயோ இருக்கும், விரல் கல்லைக் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீட்டுச் சோற்றில் நாங்கள் ஒருநாளும் கல்லைக் கடித்ததில்லை.

அன்றைக்கும் முறத்தை எடுத்து ஆட்டினாள். அரிசி ஒரு பக்கம் ஒதுங்க, கல்லும் மண்ணுமாக ஒரு பிடி இன்னொரு ஓரத்தில் சேர்ந்தது. அதை உள்ளங்கையில் வழித்துக்கொண்டு, தினமும் வாசலில் கொட்டப் போவாளே, அதே மாதிரி எழுந்து நடந்தாள். வாசற்படியில் நின்றாள். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

பிறகு திரும்பி வந்து கையை நீட்டினாள். "இதானே? ரெண்டு முனையும் வெள்ளியா மின்னுது பாரு."

அதேதான். அக்கா அதற்கு இரண்டு இழைக் கால் வைத்து, கால் உள்ள சாமான்களுக்கு நடுவே பற்றவைத்தாள். மற்றதெல்லாம் மிடுக்காக நிற்க, அது மட்டும் கொடியில் காயும் துணி மாதிரி தொங்கியது. செய்தி நேரத்துக்கு பேட்டரியைப் போட்டாள். கரகரவென்று ஒரு இரைச்சல், அப்புறம் சுத்தமாக ஒரு ஆண் குரல். அப்பா சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். மறுநாள் அக்கா ஜீப்பில் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்தரையும் விடவில்லை, எங்க அக்கா கல்லுக்குக் கால் வைத்துப் பேச வைத்தாள் என்று சொல்லிச் சொல்லி அலுக்கவைத்தேன்.

படிப்பை முடித்து ஆலங்காயத்தில் கடை போட்டாள் அக்கா. மேலே ஏறவில்லை, அம்மா பயந்தது போலவே. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து போவாள். கொல்லை வேலை கடைசி வரைக்கும் அம்மா தலையில்தான் இருந்தது.

அக்காவின் பெருமையைச் சொல்லும்போதெல்லாம் அன்றைக்கு நடந்ததில் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மா வெளிச்சத்துக்காக வாசற்படிக்குப் போனாள் என்றே நினைத்திருந்தேன். இருட்டில் விரலாலேயே கல்லைக் கண்டுபிடிக்கிறவளுக்கு வெளிச்சம் எதற்கு, கையை உதறாமல் ஏன் அவ்வளவு நேரம் நின்றாள் என்று அந்த வயசில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.