தேசிக்காய்த் தட்டு

இது உண்மையாக நடந்தது. வீரசிங்கம் இன்றும் பதுளையில்தான் இருக்கிறார். சந்தேகமுள்ளவர்கள் நேரிலேயே போய்க் கேட்கலாம். அப்போது தேசிக்காய், அதாவது எலுமிச்சை, மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

1968 டிசம்பர். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப். அதன் பாரில் வேலைக்குச் சேர்ந்து வீரசிங்கத்துக்கு அன்று ஐந்தாவது நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரிய விருந்து. எண்பது பேர். கூட்டம் வந்தபிறகு நின்று வெட்டிக்கொண்டிருக்க முடியாது. காக்டெயில் கிளாஸ் விளிம்பில் செருகும் தேசிக்காய் வட்டங்கள், ஆரஞ்சு நிறத் தோடம்பழத் தோல் சுருள்கள், அன்னாசித் துண்டுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி அடுக்கி, காயாமல் ஈரத்துணியால் மூடி வைக்கவேண்டும்.

பகல் இரண்டு பத்துக்குத் தேசிக்காய்த் தட்டை மூடினார். அன்னாசி எடுக்கக் குசினிக்குப் போனார். இரண்டு இருபதுக்குத் திரும்பினார்.

துணி சூடாக இருந்தது.

தூக்கிப் பார்த்தார். வட்டங்கள் வைத்தபடியே இருந்தன. சதைதான் இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ சப்பிவிட்டு, சக்கையை அதே வரிசையில் திரும்ப வைத்திருந்தார்கள். எச்சில் நூல் நூலாக ஒட்டியிருந்தது. பல் பட்ட தடமே இல்லை. புளித்த பால் வாடை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"இங்க யாரு வந்தது?"

"யாரும் வரலீங்க." தட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "கொட்டிருங்க. இனி வெட்டாதீங்க."

"வெட்டலைன்னா தொரை வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. புள்ளகுட்டிக்காரன் நான்."

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மிச்சமிருந்த காய்களை வெட்டினார். விரலில் வழிந்த சாற்றைப் பழக்கத்தில் நக்கினார். புளிக்கவில்லை. வெதுவெதுப்பாக, கொழகொழவென்று... இன்னொருவர் வாய்க்குள் கிடந்தது போல. துப்பினார். மறுபடி துப்பினார். போகவில்லை.

மூன்று மணி. தட்டை மூடிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

மூன்று ஐந்து.

சப்... சப்... சப்...

துணிக்கு அடியிலிருந்து.

நடுவில் மட்டும், ஒரு கைப்பிடியளவு, துணி எழும்பித் தணிந்தது.

இழுத்தார்.

அங்கே யாருமில்லை. வட்டங்கள் மட்டும் ஒவ்வொன்றாக வெளுத்தன... சுருங்கின... எச்சில் சொட்டியது.

சத்தம் நின்றது.

பிறகு அவருடைய ஈர விரலை எதுவோ கவ்வியது.

மெதுவாக...

சப்பியது.

கையை உதறிக்கொண்டு ஓடினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்து வாந்தியெடுத்தார். அதன்பிறகு அந்தக் கிளப் பக்கமே போகவில்லை. விரலை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை ஒரு மாதம் போகவில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு அங்கம்மா அவருடைய லயத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"முந்தி அங்க லெட்சுமின்னு ஒருத்தி கூட்டித் தொடைச்சிக்கிட்டு இருந்தா. நெறமாசம். வாய்க்குப் புளிப்பு வேணும்னு தட்டுல ரெண்டு துண்டு எடுத்துட்டா. அப்ப இருந்த பார்க்காரன் பாத்துட்டு, சாமான் அறையில போட்டுப் பூட்டினான். சன்னல் இல்லாத அறைங்க. விருந்து மும்முரத்துல மறந்துட்டாங்க. மூணாம் நாள்தான் தொறந்தாங்க."

"செத்துட்டாளா?"

"ஆமாங்க. உள்ளயே பெத்திருக்கா. தொப்புள்கொடி கெடந்துச்சு."

அங்கம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"புள்ளதான் கெடைக்கல."