கத்தரியின் பட்டியல்

அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தது இயற்பியல் துறைதான். வைத்தவர்கள் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்தத் தைரியம் அந்தத் துறையில் எவருக்கும் கிடையாது. அவள் அங்கே கணினிக்கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். அது சம்பளத்துக்குப் பார்த்த வேலை. சம்பளமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்தாள். ஊர்ப்பட்ட விரோதம் வந்து சேர்ந்தது அதில்தான்.

அது ஒரு பட்டியல். இயற்பியலுக்கும் வானியலுக்கும் ஆராய்ச்சியாளர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியல். எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்கள் 'இதைச் சேருங்கள்' என்று எழுதுவார்கள். சேர்ப்பதும் அடித்து நீக்குவதும் இவள் பொறுப்பு. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். நட்சத்திரத்தை அளக்கப் புறப்படுகிற மாணவி முதலில் வந்து பார்ப்பது இதைத்தான். இவளுக்கு விதி ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை, எழுதியவர் கொடுத்த குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மென்பொருளையும் ஓட்டுவாள். அவர் சொன்ன விடை வந்தால் வரி இருக்கும். வராவிட்டால் கத்தரி. 'என் கணினியில் நன்றாக ஓடுகிறதே' என்று எழுதுகிறவர்களுக்கு, 'அப்படியானால் உங்கள் கணினியைப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்' என்று பதில் போடுவாள். இப்படி எழுதினால் உறவா வளரும்?

ஒன்பது ஆண்டு இப்படியே போயிற்று. பத்தாம் ஆண்டுச் சோதனையில் வினை வீட்டுக்குள் வந்தது.

துறைத்தலைவர் இவளுடைய அக்காவின் கணவர். நாலு பேர் முன்னால் சார், மற்ற நேரங்களில் அத்தான். அவர் எழுதிய மென்பொருளும் பட்டியலில் இருந்தது. ஒரு நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கிடக்கும் தூசி எவ்வளவு ஒளியைத் தின்றிருக்கிறது என்று கணக்கிட்டு, நட்சத்திரத்தின் உண்மையான ஒளியைச் சொல்வது அதன் வேலை. ஆண்டுதோறும் துறைக் கணினியில்தான் அதை ஓட்டிப் பார்ப்பாள். அந்த ஆண்டு அந்தக் கணினி மண்டையைப் போட்டுவிட்டது. நூலகம் கழித்துப்போட்ட ஒன்றைத் தூக்கி வந்து, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு, தன் கோப்புறையை மட்டும் ஏற்றிக்கொண்டு, பட்டியலின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அத்தானின் மென்பொருள் ஓடாமல் நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். அது ஓடியது. ஓடி, வரவேண்டிய ஒளியில் பாதியைச் சொல்லிவிட்டு, ஒன்றும் அறியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தது.

தகவல் அனுப்பியதும் அத்தானே கணினிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"எங்கிட்ட சரியாத்தான் வருது."

"உங்ககிட்ட வரும் அத்தான். எங்கிட்ட வரல. வெளியில எவன் எடுத்து ஓட்டினாலும் வராது."

"அடுத்த மாசம் பணி நீட்டிப்புக்கு என் ஃபைல் போகுது. உலகம் பூரா பயன்படுத்தற சாஃப்ட்வேர்னு அதுலதான் முதல் வரியே ஆரம்பிக்குது. இப்ப போய் அடிப்பியா?"

"சரி பண்ணிக் குடுங்க. அன்னைக்கே திரும்பச் சேத்துடறேன்."

"இந்த நாற்காலி உனக்கு யாரால வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நாற்காலி லிஸ்ட்ல இல்லையே."

அன்றே அடித்தாள்.

மறுநாளே நாற்காலி நகர்ந்தது. செத்துப்போன ஆஸிலோஸ்கோப்புக் கருவிகளை அடுக்கிவைக்கும் அறையில், சாத்த வராத கதவுக்குப் பக்கத்து மூலையில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள். தேநீர் வேளையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். அக்கா வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இவள் கைப்பையில் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திறந்தால் திறக்கவில்லை. அக்கா பூட்டையே மாற்றியிருந்தாள். கத்தரிக்கு அழுகை வந்தது. அழவில்லை; அந்தப் பூட்டுக்கு அந்த மரியாதை தேவையில்லை என்று திரும்பி நடந்தாள்.

அத்தான் அதோடு விடவில்லை. பட்டியல் இருப்பது துறையின் சர்வரில்; ஆகவே அது துறையின் சொத்து; அதைத் தன் தலைமையில் ஒரு குழு நடத்தும் என்று மாதக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் அவர் வரி ஏறும், அடுத்து அவருடைய நண்பர்கள் வரிகள். அதற்குப் பிறகு அது பட்டியல் இல்லை, கல்யாண அழைப்பிதழ்.

"இவங்க எல்லாரோடதையும் சோதிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதி வெச்சிருக்காங்க, அதையும் லிஸ்ட்ல சேத்திருக்காங்க" என்று அத்தான் அந்தக் கூட்டத்திலேயே புரொஜெக்டர் போட்டுச் சுவரில் அதைக் காட்டினார். "வேற கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். எதைக் குடுத்தாலும் 'சரி'ங்குது. ஏன்? சரியான விடையெல்லாம் இருக்கற ஃபைலை எங்க போய்த் தேடுது பாருங்க, முப்பத்தொன்பதாவது வரி. இவங்க சொந்த ஃபோல்டர்ல. அது இல்லன்னா வாயை மூடிக்கிட்டு மேல போயிடுது. பக்கத்துல குறிப்பு வேற எழுதியிருக்காங்க, 'பிறகு சரிசெய்ய வேண்டும்'னு."

அறை சிரித்தது. ரொம்ப நாள் காத்திருந்து சிரித்த சிரிப்பு அது. அவர் சொன்னது பொய்யில்லை. எல்லாருடையதையும் சோதித்தவள், தன்னுடையதைத் தானே ஓட்டி, தானே தேர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம். தலை குனிந்தவள், நிமிர்ந்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"இந்த வரி நான் எழுதினது இல்ல அத்தான்" என்றாள். கூட்டத்தில் சார் என்பதுதான் வழக்கம், மறந்துவிட்டாள்.

"பின்ன பேய் எழுதிச்சா?"

"நீங்க எழுதினீங்க. இங்க சேர்ந்த புதுசுல உங்க சாஃப்ட்வேரைப் பாத்துத்தான் நான் எழுதவே ஆரம்பிச்சேன். இந்த இடத்தை அப்படியே எடுத்து ஃபோல்டர் பேரை மட்டும் மாத்தினேன். குறிப்பைக்கூட மாத்தல."

குவாண்டம் பாடம் நடத்தும் அம்மாள் யார் பக்கமும் சேராதவர், கணினியைத் தொடாதவர், பேனாவிலேயே காலம் தள்ளியவர். அவர் சொன்னார்: "அதையும் சுவத்துல போடுங்க. பாத்துடுவோம்."

போட்டார்கள். அதே வரி, அதே குறிப்பு. தூசி அட்டவணையை அத்தானின் சொந்தக் கோப்புறையில் தேடியது. இல்லாவிட்டால் வானத்தில் தூசியே இல்லை என்று வைத்துக்கொண்டது. துறைக் கணினிகள் எல்லாம் அவருடைய கணினியைப் பார்த்து நகலெடுத்தவை. அட்டவணையும் கூடவே போயிருந்ததால் இத்தனை ஆண்டு குட்டு உடையவில்லை. குறிப்பை ஒட்டி அவர் போட்டிருந்த தேதி அக்காவின் கல்யாணத்துக்கும் முந்தியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். தீர்மானத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அன்று மாலையே கத்தரி தன் வரியையும் அடித்தாள். இரண்டுக்கும் ஒரே காரணம் எழுதினாள். கூடவே புது விதி ஒன்றும் சேர்த்தாள்: எழுதியவர் சோதிக்கக் கூடாது; இன்னொருவர் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று எழுதித் தரவேண்டும்.

தன் தவறைத் திருத்திப் பொதுவில் விட அவளுக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. எழுதித் தரத்தான் ஆள் கிடைக்கவில்லை. தலைவரைப் பகைத்துக்கொள்ளத் துறையில் யாருக்கும் மனமில்லை. பட்டியலுக்கு எழுதுகிறவர்களைக் கேட்டாள். ஒன்பது ஆண்டாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்கா வந்தாள். ஆஸிலோஸ்கோப்புகளைத் தாண்டி வந்து, உட்காராமல், பென்டிரைவை மேசையில் வைத்தாள்.

"அவரு சரி பண்ணிட்டாரு. ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். மூன்றாவது தசமம் வரை சரியாக வந்தது. வரியைத் திரும்பச் சேர்த்து, சோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அக்கா அது திரையில் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, என்னோடதை அத்தான் ஒரு தடவை ஓட்டிப் பாப்பாரா?"

"போன வாரமே பாத்துட்டாரு."

"ஓடுச்சா?"

"ஒரு குறையும் இல்லையாம். 'நல்லா எழுதியிருக்கா'ன்னு எங்கிட்ட சொன்னாரு."

"அதையே ஒரு வரி எழுதித் தரச் சொல்லேன்."

"அது மட்டும் உயிரே போனாலும் தரமாட்டாராம்."

அக்கா பென்டிரைவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். போகும்போது கதவைச் சாத்தப் பார்த்தாள். அது சாத்த வரவில்லை, விட்டுவிட்டுப் போனாள்.

அத்தானுக்குப் பணி நீட்டிப்பு கிடைத்தது. பட்டியலில் அவர் வரியை இன்றைக்கும் பார்க்கலாம், சோதித்தவர் கத்தரி. அவளுடைய வரி இன்னும் ஏறவில்லை.