இரும்பு டேப் ஆண்டெனா

புயல் அடித்த மறுநாள் காலை, ஆலங்குடிச் சாலை முழுக்கத் தென்னை மரங்கள் விழுந்து கிடந்தன. யாருடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது.

ஊரில் என்னிடம் மட்டும்தான், கைபேசிக் கோபுரம் இல்லாமலே நேரடியாகப் பேசக்கூடிய அமெச்சூர் ரேடியோ இருந்தது. புதுக்கோட்டையில் இருக்கும் நண்பர் காலையில் கட்டாயம் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பார். ஆனால் கையடக்க ரேடியோவின் குச்சி ஆண்டெனா அவ்வளவு தூரம் எட்டாது. அதற்காகவே, தச்சர் அளக்கும் இரும்பு டேப்பை மூன்றாக வெட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாயில் குறுக்காகப் பொருத்தி, அலையை ஒரே திசையில் வீசும் ஆண்டெனா செய்து வைத்திருந்தேன்.

மொட்டை மாடியில் என் மனைவி அதைப் புதுக்கோட்டை இருக்கும் மேற்கே நீட்டிப் பிடித்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், இரைச்சல்தான் வந்தது. கீழே அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

“சாய்க்காம நேராப் பிடி” என்று எரிந்து விழுந்தேன். பழைய டிவி ஆண்டெனா மாதிரி டேப் துண்டுகள் படுக்கையாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். இருபது நிமிடம் அப்படியே போனது.

“கை கடுக்குதுங்க” என்றாள். குழாய் அவள் பிடியில் உருண்டு, துண்டுகள் செங்குத்தாக நின்றன.

“கேக்குது, சொல்லுங்க” என்றது நண்பரின் குரல்.

அவருடைய ஆண்டெனா செங்குத்தானது. அப்படியானால் நம்முடையதும் செங்குத்தாகத்தான் இருக்க வேண்டும். ரேடியோ உரிமத் தேர்வில் நான் சரியாக எழுதிய பதில் அது.

ஆம்புலன்ஸும் மரம் அறுக்க ஆட்களும் அனுப்பச் சொல்லி முடித்தேன். மனைவி கையை இறக்கவில்லை.

“இப்ப நேராப் பிடிச்சிருக்கேனாங்க?” என்று கேட்டாள்.