தவக்காலத்து மீன்

அக்னஸ் நாறுகிறாள் என்பது டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. அதற்குப் பதிலாகச் சவர்க்காரம் கொடுத்தார்கள். கோயில் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸுக்குப் பரிசு மாற்றிக்கொள்வது வழக்கம். மற்றவர்களுக்குக் கோப்பை, துண்டு, கேக்கு என்று வரும். அக்னஸின் பொட்டலத்தில் மட்டும் வருஷா வருஷம் வாசனைச் சவர்க்காரம். அவள் குளியலறை அலமாரியைத் திறந்தால் சின்னக் கடையே வைக்கலாம்.

அவளோ ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பவள். வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. துவைத்துத் தேய்த்த உடுப்பில்லாமல் படியிறங்க மாட்டாள். கொடுமை என்னவென்றால், அந்த நாற்றம் அவள் மூக்குக்கே தெரியாது. எதிரில் நிற்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

மருத்துவர்களிடம் போகாமலா இருந்தாள்? பல் மருத்துவர் இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கினார். பெண்கள் மருத்துவர் மாத்திரை எழுதினார். மூன்றாமவர் மனநல மருத்துவர். அவள் போன அன்று நாற்றம் இல்லை. "எனக்கு ஒண்ணும் வாசம் வரலையே? எல்லாம் உங்க மனசுலதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். இந்த மூவரில் ஒருவராவது அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதுண்டா? கிடையாது.

அக்னஸுக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் பாட்டு. குருத்து ஞாயிறு பூசையில் பதிலுரைப்பாடலை முன்வரிசையில் நின்று தனியாகப் பாடுவது பல வருஷமாக அவள்தான். அவள் குரல் எழும்பினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அவள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், பாடகர் குழுத் தலைவன் பேட்ரிக் ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தான். காற்று அவள் பக்கமிருந்து சுவர் பக்கம் அடித்தது. அவள் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒரு தவக்காலத்தில் பேட்ரிக் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, இந்த வருஷம் குருத்து ஞாயிறு சிந்தியா பாடட்டும் லா. உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்."

"நான் ரெஸ்ட் கேட்டனா, தம்பி?"

"சும்மா லா, அக்கா. புதுசா வர்றவங்களுக்கும் சான்ஸ் குடுக்கணும்."

சிந்தியா அவன் மனைவி. புதுசு ஒன்றும் இல்லை.

கதவைச் சாத்தியதும், இது ஏதோ பாவத்துக்குத் தண்டனை என்று அக்னஸ் முடிவுகட்டினாள். சாம்பல் புதனிலிருந்து பெரிய வெள்ளி வரை கறி தொடாமல் இருப்பது அவள் வழக்கம். இனி வருஷம் முழுக்கத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். காலையில் முட்டை, மத்தியானமும் ராத்திரியும் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் குழம்பு. நாற்றம் கூடியதுதான் மிச்சம். அலுவலகத்தில் அவள் மேசையைச் சாமான் அறைக்குப் பக்கத்தில் தள்ளினார்கள்.

அடுத்த தவக்காலத்தில் இரத்த அழுத்த மருந்து வாங்க அரசாங்கக் கிளினிக்குக்குப் போனபோது, லைலா என்ற புது டாக்டர் இருந்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை, ஜன்னலையும் திறக்கவில்லை.

"அக்கா, கேக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாடை எப்பவும் இருக்குமா?"

வாழ்நாளில் முதல் முறையாக ஒருத்தி நேரே கேட்டாள். அக்னஸுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தவக்காலத்துல எப்பவுமே ஜாஸ்திதான், டாக்டர். போன வருஷம் நேர்ந்துக்கிட்டதுலேருந்து வருஷம் முழுக்க அப்படித்தான். விரதத்துலதான் நான் ரொம்ப சுத்தபத்தமா இருக்கேன். கடவுளுக்குக் கண்ணில்லயா?"

"தவக்காலத்துல என்ன சாப்பிடுவீங்க?"

"மீனு, முட்டை. கறி தொடமாட்டேன்."

லைலா பேனாவைக் கீழே வைத்தாள். "மீன், முட்டை, ஈரல் எல்லாம் செரிக்கும்போது மீன் வாடை அடிக்கிற ஒண்ணு உண்டாகும், அக்கா. மத்தவங்க கல்லீரல் அதை மாத்தி வாடை இல்லாம ஆக்கிடும். உங்களுக்கு அது பொறவியிலேயே முடியல போல. அப்படியே வேர்வையில, மூச்சுல வெளிய வருது. ரொம்ப அபூர்வம். டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்."

மீன் சாப்பிடாத நாளில் ஒரு முறை, சாப்பிட்டபின் ஒரு முறை சிறுநீர் எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். லைலா சொன்னது சரிதான். முழுக்கக் குணமாக்க மருந்து இல்லை. மீனையும் முட்டையையும் நிறுத்தி, கோழியை அளவாகச் சாப்பிடச் சொன்னார்கள். வாசனைச் சவர்க்காரத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கொஞ்சம் அமிலம் சேர்ந்த சவர்க்காரத்தால் குளிக்கவும் சொன்னார்கள். சில வாரத்தில் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கையில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள்.

மறுவருஷத் தவக்காலம் வந்தது. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை மட்டும் சோறும் காயும் சாப்பிடும்மா. மத்த நாள் டாக்டர் சொன்னபடி செய்" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அக்னஸ் தன் டப்பாவைத் திறந்தாள்.

"ஐயோ அக்கா, தவக்காலத்துல கோழியா?" சிந்தியா மீன் குழம்புச் சட்டியோடு நின்றாள். "பாவம் இல்லயா?"

அக்னஸ் வியாதியை எல்லார் முன்னாலும் சொன்னாள், ஒன்று விடாமல். பல் போனதையும் சொன்னாள். பிறகு சிந்தியாவைப் பார்த்தாள்.

"உன் மீனைத் தின்னா நாறுவேன். கோழியத் தின்னா நரகத்துக்குப் போவேன்னு சொல்ற. நாறுனப்ப ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப மட்டும் எப்படி லா வாய் வருது?"

பேட்ரிக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"குருத்து ஞாயிறு நான்தான் பாடுறேன், தம்பி" என்றாள் அக்னஸ். கேட்கவில்லை, சொன்னாள்.

"சரி, அக்கா."

குருத்து ஞாயிறு அன்றைக்கு அவள் குருத்தோலையோடு முன்வரிசைக்கு வந்தபோது, பழைய இடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழக்கதோஷமாம். அக்னஸ் குனிந்து சுவரிலிருந்து அதன் பிளக்கைப் பிடுங்கினாள். சிந்தியாவின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.