குடுமி வளரும் வரை

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் பி.ஏ. படித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பி.ஏ. முடித்தவர் ஒருவர்கூட இல்லை.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, முன் தலையில் சரித்துக் கட்டிய குடுமியோடு கிராப்புத் தலைகளுக்கு நடுவே உட்கார வெட்கமாக இருந்திருக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாம் தப்பு. எங்கள் பையன்களுக்குக் கணக்கு வந்தது, இங்கிலீஷ் வந்தது. கல்யாணமும் வந்தது. அதுதான் காரணம்.

கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் சிதம்பரத்தில் தீட்சிதர் வீட்டுக்காரர்கள். நடராஜாவுக்குப் பூஜை செய்கிற பாத்தியதை எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பிறப்பால் வருவது. ஆனால் பிறந்தால் மட்டும் போதாது, கல்யாணமும் ஆக வேண்டும். வேதத்தைத் தலைகீழாகச் சொல்கிற பையனாக இருந்தாலும் பிரம்மசாரி பூஜைக்கு ஆகமாட்டான். தாலி கட்டிய பிறகுதான் கோயிலில் அவனுக்கென்று ஒரு முறை வரும். மற்ற ஊர்களில் படிப்பு, பிறகு வேலை, பிறகு கல்யாணம் என்று போவார்கள். எங்களுக்குக் கல்யாணமே வேலைக்கான பரீட்சை. எனக்குத் தெரிந்து அதில் யாரும் தவறியதில்லை. அதில் தேறிவிட்டவன் எதற்காக இன்னொரு பரீட்சை எழுதப் போகிறான்?

காலேஜ் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம், கோயில் இந்தப் பக்கம். லைனைத் தாண்டிப் போனவர்கள் ஏதாவது ஒரு தையிலோ வைகாசியிலோ மாலை போட்டுக்கொண்டு, அப்புறம் இந்தப் பக்கமே நின்றுவிடுவார்கள். என் அப்பாவும் அப்படி நின்றவர்தான். பி.ஏ. இரண்டாம் வருஷத்தின் நடுவில் பொருளாதாரப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்தின் பலன் நான் என்பதால் இந்த வழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் சொல்ல வந்தது என் சித்தப்பாவின் கதை. அப்பாவின் ஒரே தம்பி. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் அவரும் லைனைத் தாண்டிப் போய் அதே காலேஜில் அதே பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷம். எனக்கு எட்டு வயது. உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நம்பிய வயது. அந்த நம்பிக்கை இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

ஐப்பசி மழையில் கோயில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து அப்பா வலது கையை முறித்துக்கொண்டார். வீட்டில் கல்யாணம் ஆன ஆண் அவர் ஒருவர்தான். கையைத் தூக்க முடியாதவர் அபிஷேகம் எப்படிச் செய்வார்? முறை வருகிறபோதெல்லாம் ஒரு பங்காளி வீட்டுக்குப் போய், தனக்குப் பதிலாகப் பார்க்கும்படி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பங்காளி நல்லவர்தான். ஆனால் செய்கிற உதவி தெருக்கோடி வரை கேட்க வேண்டும் என்று நினைக்கிற நல்லவர்.

வீட்டு நிர்வாகம் அத்தையிடம் இருந்தது. அப்பாவுக்கு அக்கா, இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். கல்யாணம் ஆன ஒருவன் படுத்துவிட்டால் இன்னொருவனைத் தயார் செய்ய வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்தாள். அடுத்த தெருவில் பெண் தயாராக இருந்தாள். தை மாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். சித்தப்பாவின் பரீட்சை பங்குனியில்.

“பரீட்சை முடியட்டுமே அக்கா” என்றார் சித்தப்பா.

“முடிச்சுட்டு என்னடா பண்ணப் போறே? சுவாமிக்கு இங்கிலீஷ்லயா அர்ச்சனை பண்ணப் போறே?”

கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாமே என்று அம்மா அடுக்களையிலிருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“ஏன், உன் ஆம்படையான் படிச்சுக் கிழிச்சானே, அது மாதிரியா?” என்றாள் அத்தை.

அப்பா கூடத்தில்தான் இருந்தார். கைக்கட்டை அவிழ்த்துச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அன்று முதல் சித்தப்பா புத்தகத்தை எடுப்பார், பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்தை இவ்வளவு கவனமாகப் படிக்கிறாரே என்று நான் வியந்திருக்கிறேன்.

கார்த்திகை ஆகியும் கை ஒட்டவில்லை. கடலூரில் மஞ்சக்குப்பத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று ஏற்பாடாயிற்று. சித்தப்பா துணை. கடல் காட்டுவதாகச் சொல்லி என்னையும் அழைத்துப் போனார்கள். ரயிலை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போயே ஆக வேண்டும் என்று நான் ஜட்காவில் அழுதேன்.

“மழை ஜாஸ்தியா கீது பாப்பா. கடலு எங்க போயிடப் போவுது? இன்னொரு வாட்டி வந்தாலும் இங்கதான் இருக்கும்” என்றான் ஜட்காக்காரன்.

கடலுக்குப் பதிலாக டாக்டரைப் பார்த்தேன். கிராப்பு வைத்த, சிரித்த முகத்து மனிதர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பாகக் கட்டிவிட்டார்கள், மறுபடி கட்ட வேண்டும், கோடை வரை பாரம் தூக்கக் கூடாது என்றார். பேச்சுவாக்கில், நானும் குடுமியோடு வளர்ந்தவன்தான், டாக்டர் படிப்புக்குப் பட்டணம் போனபோது எடுத்துவிட்டேன், அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பும் ரயிலில், கிள்ளை ஸ்டேஷன் தாண்டிய பிறகு அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏன்டா, குடுமி போயிடுத்துன்னா மறுபடி முடிஞ்சுக்கற அளவு வளர எத்தனை மாசம் ஆகும்?”

“யாருக்கு அண்ணா?”

“டாக்டருக்குத்தான்.”

சித்தப்பா அப்பாவையே பார்த்தார். பிறகு ஊர் வரும் வரை தன் குடுமியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு டாக்டரை நினைத்து மனசு கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்துக் குடுமி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி வந்தது. அத்தை பனியில் எழுந்து கோயிலுக்குப் போய்விடுவாள். அப்படி ஒரு காலையில் நான் கொல்லைப் பக்கம் போனேன். கிணற்றடியில் சித்தப்பா குனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பா இடது கையில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். “அசையாதே” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. கல்யாணப் பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு நான் பல் தேய்க்கப் போய்விட்டேன். சித்தப்பா அன்று பனிக்காகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் வந்து துண்டை எடுத்தார். குடுமியில் முக்கால்வாசி இல்லை. இருந்ததும் கருகிச் சுருண்டு, தீய்ந்துபோன சேமியா மாதிரி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லேபரட்டரியில் குனிந்தேன், விளக்கு பற்றிக்கொண்டது என்றார் சித்தப்பா.

“காலேஜ்ல எதுக்குடா நெருப்பு?”

“லேபரட்டரின்னா நெருப்பு இல்லாம இருக்குமா?” என்றார் அப்பா. “நான் படிச்சப்பவும் ஒருத்தனுக்கு இப்படித்தான் ஆச்சு.”

காலேஜ் விஷயத்தில் எங்கள் வீட்டில் அப்பா சொன்னதுதான் முடிவு. அவர் ஒன்றரை வருஷம் அங்கே போனவர். அதோடு பொய் சொல்லி யாரும் பார்த்திராதவர்.

தெருப் பெரியவர்கள் கூடினார்கள். முடிந்துகொள்ளக் குடுமி இல்லாதவன் கோயில் காரியத்துக்கு எப்படி ஆவான்? கோயில் காரியத்துக்காகத்தானே இவ்வளவு அவசரமாகக் கல்யாணம்? முடி வளரட்டும், வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்த்துவிட்டார்கள்.

“அதுவரைக்கும் உங்காத்து முறையையும் நான்தான் பாக்கணுமாக்கும்” என்றார் பங்காளி, அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

“நீதான் பாக்கணும்” என்றார் அப்பா. வலது கை கட்டில் இருந்ததால் கும்பிட முடியவில்லை. இடது கையை மட்டும் மார்பில் வைத்துக்கொண்டு நின்றார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து நானும் அதே மாதிரி நின்று காட்டி அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். எதற்கு என்று தெரியவில்லை.

அத்தை தோல்வியை ஒப்புக்கொள்கிறவள் அல்ல. முடியை முன்கூட்டியே வளரவைத்துவிடுவது என்று புறப்பட்டாள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் தேங்காயெண்ணெயில் காய்ந்தன. தினமும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மாடியில் படிக்கிற சித்தப்பாவிடம் கொடுத்துவரச் சொல்லி என்னை அனுப்புவாள். நான் கொடுப்பேன். சித்தப்பா அதை வாங்கி, தலையில் ஒரு சொட்டுத் தொட்டுக்கொண்டு, மிச்சத்தை அப்படியே அகலில் ஊற்றித் திரியைப் போடுவார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். அந்த வெளிச்சத்தில்தான் படித்தார். மாடி முழுக்கக் கரிசலாங்கண்ணி வாசனை அடிக்கும்.

“அத்தைகிட்ட சொல்லிடாதே” என்பார். “எண்ணெய் தலைக்குத்தான் போறது. என்ன, கொஞ்சம் சுத்தி வளைச்சுப் போறது.”

அந்த அடுத்த தெருப் பெண்ணும் ஒருநாள் என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். குடுமி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஊர் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டிருந்ததால் விரலை மடக்கி அளவு காட்டத் தயாரானேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“பாடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்காம்?” என்றாள். பிறகு, “எனக்கு ஒண்ணும் அவசரமில்லேன்னு சொல்லு” என்றாள்.

கல்யாணத்துக்கு அவசரப்படாத பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. இவளுக்குச் சித்தப்பாவைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, அவர் மனசு நோகக் கூடாதே என்று அந்தச் செய்தியைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பங்குனியில் சித்தப்பா பரீட்சை எழுதினார். வைகாசியில், இழுத்துக் கட்டினால் முடிச்சு நிற்கிற அளவுக்கு வளர்ந்த குடுமியோடு தாலி கட்டினார். மூன்றாம் வகுப்பில் தேறினார். தெருவில் வேறு யாரும் தேறியிராததால் அவர்தான் முதல். அதற்கப்புறம் கோயிலில் அவர் செய்த அர்ச்சனையில் ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் இல்லை. அத்தை சொன்னது அந்த அளவுக்குச் சரி.

அந்தப் பி.ஏ. வேறொரு இடத்தில் உதவியது. நான் பள்ளிக்கூடம் முடித்ததும் எனக்கும் முகூர்த்தம் பார்க்க அத்தை பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தாள். “முடிச்சவன் சொல்றேன் அக்கா, அவளும் முடிக்கட்டும்” என்றார் சித்தப்பா. முடிச்சவன் என்று சொல்லிக்கொள்ளத் தெருவில் வேறு ஆள் இல்லை. சித்தியும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அத்தை பஞ்சாங்கத்தை மூடி வைத்தாள். என் தலைமுடி தப்பித்தது.

நானும் லைனைத் தாண்டினேன். அப்பாவும் சித்தப்பாவும் படித்த அதே பொருளாதாரம். முதல் வாரம் முழுவதும் காத்திருந்துவிட்டு, ஒருநாள் எழுந்து நின்று, லேபரட்டரி என்றைக்கு என்று வாத்தியாரைக் கேட்டேன். வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பொருளாதாரத்துக்கு லேபரட்டரி கிடையாது, அம்மா, தீப்பெட்டிகூடக் கிடையாது என்றார் அவர்.

கிணற்றடியும் கற்பூரத் தட்டும் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தன.

சாயங்காலம் அப்பா கோயிலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கை நேராகவே சேரவில்லை. செம்பைத் தூக்கும்போது முழங்கை ஒரு பக்கம் கோணும். பெரிய துப்பறிவாளர் மாதிரி அருகே போய் நின்றேன்.

“அப்பா, எகனாமிக்ஸ்ல நெருப்பே கிடையாதாமே?”

அப்பா தண்ணீரை ஊற்றி முடித்தார். செம்பை வைத்தார்.

“இருந்திருந்தா நானும் முடிச்சிருப்பேன்” என்றார்.

நல்ல பதில் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளே ஓடிப்போய் அம்மாவிடமும் சொன்னேன். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.