கருப்பராயன் வாள் அசலா, டூப்பா: குமுளி வரை ஒரு பஞ்சாயத்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து குமுளிக்குப் போனேன். தேக்கடியில் படகுச் சவாரி போக அல்ல, நான் திருடன் இல்லை என்று நிரூபிக்க.

எங்கள் கருப்பராயன் கோவிலில் பழைய பட்டாள வாள் ஒன்று உண்டு. பூஜைக்கு அதைச் சுத்தம் செய்யும் முறை இந்த வருஷம் எனக்கு. உறை கோவில் பெட்டியிலேயே இருக்க, வாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். பத்தாவதை மூன்று தரம் எழுதிய மூளை கேட்குமா? உப்புத்தாள் வாங்கி இரண்டு நாள் தேய்த்தேன். வாள் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஆகிவிட்டது. "அசலை வித்துட்டு டூப்பைக் கொண்டாந்து வெச்சுட்டான்" என்று முதலில் சொன்னவர் என் மனைவியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு என் மகள் அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கே மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றேன்: "கெளம்புங்க, வாளைப் பத்தித் தெரிஞ்சவங்ககிட்டயே கேட்டுப்போடலாம்."

சனிக்கிழமை காலை 5 மணிக்கு அவர் காரிலேயே புறப்பட்டோம். பழனியில் இட்லி, பிறகு தேனி, கம்பம், மலைப்பாதை. 245 கி.மீ. ஓட்டியது நான். வாளும், கோவில் பெட்டியிலிருந்து மச்சானே எடுத்து வந்த உறையும் அவர் மடியில்.

"பின்னால வெச்சுட்டு நிம்மதியா உக்காருங்க மச்சான்."

"நீங்க ரோட்டைப் பாருங்க மாப்பிள்ளை. ஒருக்கா நம்பிக் குடுத்தது போதும்."

11.30க்குக் குமுளி. பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்த ஒருவர் அங்கே ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார், தேயிலை எஸ்டேட்டில் பிறந்த தமிழர். வாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இதைத் தேச்சது?"

கையைத் தூக்கினேன்.

"விட்டா யானையையும் வெள்ளையாக்கிருவீக போல."

நுனியைப் பலகையில் ஊன்றி லேசாக வளைத்து, கையை எடுத்தார். வாள் நேராக நிமிர்ந்தது. "டூப்புன்னா வளைஞ்சபடியே கெடக்கும். இது அசல்."

மச்சான் விடவில்லை. "அசல்னே இருக்கட்டுங்க. எங்க வாள்தானான்னு எப்படிங்க தெரியும்?"

கடைக்காரர் பிடியோரம் அப்பியிருந்த சந்தனத்தைக் குச்சியால் சுரண்டினார். சோம்பேறித்தனத்தால் நான் தேய்க்காமல் விட்ட ஒரே இடம். 217 என்ற எண் தெரிந்தது. உறையின் வாயைத் துடைத்தார். அங்கேயும் 217. அன்றுவரை உறை கோவிலை விட்டு வெளியே வந்ததே இல்லை. மச்சான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னேன்: "வாள் அசல். உறைக்குரிய அதே வாள். தேய்த்தவருக்கு விவரம் பத்தாது." கடைசி வரி வேண்டாமே என்றார் மச்சான். இருக்கட்டும் என்றேன். மறுநாள் கோவில் முன்னால், மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மூன்று வரியையும் நானே சத்தமாக வாசித்தேன்.

போகிறவர்களுக்கு: பழைய வாளில் உப்புத்தாள் படக்கூடாது. வழியில் போலீஸ் கேட்டால் காட்டக் கோவில் கமிட்டிக் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். டீசல் போக வர 2,900 ரூபாய். உங்களைத் திருடன் என்று சொன்னவரையே கூட்டிப் போங்கள், டீசலையும் அவரையே போடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.